புல்மோட்டை மணலும் பிணைத்துவிட்ட மூலக்கூறுகளும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே போகிற கரையோரப் பாதை புல்மோட்டையைத் தொடும்போது மணலின் நிறம் மாறிவிடுகிறது. கறுத்த மணல். ஒரு கை அள்ளினாலே கனம் தெரியும். கறுப்புக்கும் கனத்துக்கும் காரணம் இல்மனைட்டு; இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்த தாது. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது இலேசான மணலை அலை இழுத்துக்கொண்டு போகிறது. கனமான தாது கரையிலேயே தங்கிவிடுகிறது.

1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்ட நாளிலிருந்து இன்றைய லங்கா மினரல் சாண்ட்ஸ் வரைக்கும் இங்கே நடக்கும் முக்கிய வேலை பிரித்தெடுப்பதுதான். முதலில் ஓடும் தண்ணீரில் கனத்தை வைத்துப் பிரிப்பார்கள். பலமான காந்தம் இல்மனைட்டைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சியதை உயர் மின்னழுத்தத்துக்குள் விட்டால், மின்னைக் கடத்தும் றூட்டைல் ஒரு பக்கமும் கடத்தாத சேர்க்கோன் மறுபக்கமும் விழும். அதன்பின் தாது பெரும்பாலும் தாதாகவே கப்பல் ஏறுகிறது.

வெளிநாட்டில் இந்தக் கறுப்பு மணல் வெள்ளையாகிறது. அமிலத்தில் கரைத்து இரும்பை நீக்கினால் கிடைக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுதான் சுவருக்குப் பூசும் பெயின்டுக்கும் பற்பசைக்கும் வெண்மை தருவது. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளாக ஆய்வுகூடங்கள் இதை வெறும் நிறமாகப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பஞ்சாக இதை ஆக்க முடியுமா என்று பார்க்கின்றன. துளை ஒவ்வொன்றும் பத்து நானோமீற்றர் அளவில், அதாவது ஒரு மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்காக இருக்கவேண்டும். அந்த அளவில் துளையிட எந்தத் துரப்பணமும் இல்லை. அந்த வேலையைச் செய்வது ‘பிளொக் கோபொலிமர்’ என்னும் பொருள்.

பொலிமர் என்பது ஒரே சிறு மூலக்கூறு நூற்றுக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு வகைச் சங்கிலிகளை ஒரு பாத்திரத்தில் விட்டால் அவை தனித்தனியே பிரிந்துவிடும். ஆனால் ஒன்றின் நுனியை மற்றதன் நுனியோடு இரசாயனப் பிணைப்பால் கட்டிவிட்டால் நிலைமை வேறு. சூடு மிதிக்கப் பிணைத்துவிட்ட இரண்டு மாடுகளைப் போல, ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும் கயிறு விடுகிற தூரத்துக்கு மேல் போக முடியாது. ஆகவே ஒவ்வொரு வகையும் தன் இனத்தோடு சிறு சிறு கூட்டமாகச் சேரும்; எந்தக் கூட்டமும் சங்கிலியின் நீளத்தைவிட அதிகம் பெருகாது. கிடைப்பது பத்து முதல் நூறு நானோமீற்றர் வரையான ஒழுங்கான கோலம். யாரும் வரையவில்லை, தானாக அமைந்தது.

கோலத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது விகிதம். ஒரு வகை மிகக் குறைவாக இருந்தால் அது மற்றதுக்குள் உருண்டைகளாக நிற்கும். சற்றுக் கூடினால் உருளைகள். பாதிக்குப் பாதி என்றால் தாள் தாளாக அடுக்கு. உருளைக்கும் அடுக்குக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய இடைவெளியில் ஜைரோயிட் என்னும் வடிவம் வரும். எங்கும் முறியாமல் மூன்று திசையிலும் பின்னிச் செல்லும் வலை அது. அமெரிக்காவின் நாசாவில் பணியாற்றிய அலன் ஷோன் 1970இல் கணித வடிவமாக விவரித்ததை மூலக்கூறுகள் தாமாகவே கட்டிக்கொள்கின்றன.

நுனியோடு நுனியைக் கட்டும் வழியைத் திறந்தவர் போலந்தில் பிறந்து அமெரிக்காவின் சிரக்கியூஸில் பணியாற்றிய மைக்கல் ஷ்வார்ட்ஸ். 1956இல் அவர் காற்றும் ஈரமும் இல்லாத குடுவையில் சோடியம் நப்தலீனின் பச்சைக் கரைசலுக்குள் ஸ்டைரீனை விட்டார். பச்சை, செம்மையாக மாறியது. ஸ்டைரீன் முழுதும் தீர்ந்த பிறகும் செம்மை மாறவில்லை. சங்கிலிகளின் நுனிகள் இன்னும் உயிரோடு இருந்தன. மேலும் ஸ்டைரீன் விட்டால் சங்கிலி வளர்ந்தது. வேறு பொருளை விட்டால் அந்தப் பொருளாலேயே தொடர்ந்தது. அப்படிப் பிறந்தவற்றில் ஒன்றை 1960களின் நடுவில் ஷெல் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரு நுனியிலும் விறைப்பான பொலிஸ்டைரீன், நடுவில் மீள்தன்மையுள்ள பொலிபியூட்டடையீன். நுனிகள் கூடி முடிச்சாகும், நடுப்பகுதி இறப்பராக இழுபடும். நம்முடைய இறப்பர் பாலைப்போலக் கந்தகம் சேர்த்து வேகவைக்கத் தேவையில்லை. உருக்கினால் மறுபடி வார்க்கலாம். சப்பாத்தின் அடியிலும் வீதிக்குப் போடும் தாரிலும் இன்று அது இருக்கிறது.

பிளொக் கோபொலிமரையே அச்சாக்கித் தைத்தேனியத்தைத் துளையிட முடியும் என்று 1998இல் காட்டியவர்கள் கலிபோர்னியாவின் சாந்தா பாபரா பல்கலைக்கழகத்தில் கேலன் ஸ்டக்கியின் குழுவினர். நீரை நாடும் பகுதி இரு நுனியிலும், நீரை வெறுக்கும் பகுதி நடுவிலுமாக உள்ள, சந்தையில் விற்கும் பிளொக் கோபொலிமரை எதனோலில் கரைத்தார்கள். தைத்தேனியம் குளோரைட்டைச் சேர்த்துக் கலக்கினார்கள். அந்தக் கரைசலை ஒரு திறந்த பெற்றிக் கிண்ணத்தில் ஊற்றி 40 பாகை செல்சியஸில் சில நாட்கள் விட்டார்கள். எதனோல் ஆவியாக ஆகப் பொலிமர் தன் கோலத்துக்கு வந்தது. தைத்தேனியம் அதைச் சுற்றி உறைந்தது. பிறகு 400 பாகையில் சுட்டபோது பொலிமர் எரிந்து போய், அது இருந்த இடம் துளையாக மிஞ்சியது.

துளையுள்ள தைத்தேனியத்தின் அருமை கண்டிக்குத் தெரியும். 1991இல் சுவிற்சர்லாந்தின் லோசானில் பிரையன் ஓ’றீகனும் மைக்கல் கிறற்சலும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு மணிகளில் சாயத்தை ஏற்றிச் சூரியக்கலம் செய்தார்கள். துளைகளால் மேற்பரப்பு பெருகி, அதே இடத்தில் பன்மடங்கு சாயம் ஒட்டியது. குறை ஒன்று: கலத்துக்குள் இருந்தது திரவம். திரவம் கசியும், ஆவியாகும். கண்டி, ஹந்தானை அடிவாரத்து அடிப்படைக் கற்கை நிறுவகத்தில் கீர்த்தி தென்னகோன் குழு 1995இல் அந்தத் திரவத்தை எடுத்துவிட்டுச் செப்பு அயடைட்டு என்னும் திண்மத்தை வைத்தது. சாயமாக எடுத்தது பூக்களில் உள்ள சயனிடின். உலகம் திண்மச் சாயக் கலங்கள் பற்றிப் பேசும்போது அந்தக் குழுவின் கட்டுரையை விட்டுவிட்டுப் பேச முடியாது.

ஆனால் திண்மம் புது இடைஞ்சலையும் கொண்டுவந்தது. திரவம் எந்தப் பொந்துக்குள்ளும் ஓடி நிறையும். திண்மம் அப்படி நுழையாது. மணிகளை அள்ளிப் போட்டு உண்டாக்கிய துளைகளில் பல முட்டுச்சந்துகள். இந்த இடத்தில்தான் ஜைரோயிட் வந்தது: அதன் வழிகள் எதுவும் பாதியில் முடிவதில்லை. 2009இல் கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பிளொக் கோபொலிமர் ஒன்றின் ஒரு பகுதியை மட்டும் கரைத்தெடுத்து, காலியான வலைக்குள் தைத்தேனியம் ஈரொட்சைட்டை வளர்த்துச் சூரியக்கலம் செய்தனர். வினைத்திறன் 1.7 சதவீதம்தான். கூரைக்குப் போதாது. ஆனால் பொருளை மாற்றாமல் அது அடுக்கப்படும் விதத்தை மட்டும் தேவைக்கேற்ப வடிவமைக்கலாம் என்பது நிரூபணமாயிற்று. பிளொக் கோபொலிமரால் ஆன, புற்றுநோய் மருந்தைப் பொதிந்து செல்லும் நுண்ணுருண்டைகளுக்குத் தென்கொரியா 2007இல் அனுமதி கொடுத்தது. கணினிச் சில்லுகளில் நுண்கோடுகள் வரையவும் பிளொக் கோபொலிமர் பரீட்சிக்கப்படுகிறது.

திருகோணமலைக்கு இதில் என்ன? துறைமுகத்தின் தென்கரையில் சம்பூரில், கைவிடப்பட்ட அனல் மின்நிலையத் திட்டத்துக்குப் பதிலாக 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் கட்டுமானப் பணியை 2025 ஏப்ரலில் இலங்கை, இந்தியத் தலைவர்கள் தொடக்கிவைத்தார்கள். ஒரே மாவட்டத்திலிருந்து தாது வெளியே போகிறது, சூரியத் தகடு உள்ளே வருகிறது. தகடு சிலிக்கன், தாது தைத்தேனியம். ஒன்று மற்றதாக மாறப்போவதில்லை. என்றாலும் பெறுமதி எங்கே சேருகிறது என்பதை இந்த இரண்டும் சொல்கின்றன: தோண்டுமிடத்தில் அல்ல, அடுக்குமிடத்தில்.

அடுக்குவதற்கு வேண்டியவை மலைக்கவைப்பவை அல்ல. எதனோல், பெற்றிக் கிண்ணம், 400 பாகை எட்டும் உலை ஆகியவை கோணேசபுரியில் பிரயோக விஞ்ஞான பீடம் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்கு எட்டாத பொருள்கள் அல்ல. கடினம் அதற்கு முந்திய படியில்: இரும்பு நீக்கிய, மாசில்லாத தைத்தேனியச் சேர்வையைத் தாதிலிருந்து உண்டாக்குவது. அமிலக் கழிவை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வரும், கொக்கிளாய்க் களப்பின் மீனவர்கள் அதைக் கேட்டே தீரவேண்டும். அந்த ஒரு படியைப் பொறுப்போடு கட்டிவிட்டால், அடுத்த படியை மூலக்கூறுகளே பார்த்துக்கொள்ளும்.