திராட்சைக் காயிலும் காசுக்கு ஆகும் புளிப்பு உண்டு



எட்டிக் குதித்துப் பார்த்துவிட்டு, 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று சொல்லிப்போன நரியின் கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அது பாரசீகத்து நரியாக இருந்திருந்தால், 'புளிக்குதா? அப்போ நாலு கொத்து பறிச்சுக்கிட்டுப் போவோம்' என்று அங்கேயே நின்றிருக்கும். ஈரான் நாட்டில் பழுக்காத திராட்சை ஒரு சமையல் சரக்கு. நமக்குப் புளி எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

கோம்பை, உத்தமபாளையம், ராயப்பன்பட்டி பக்கத்து விவசாயிகளிடம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்குக் கிடைத்த பெருமை சரி. காயை நாம் என்ன செய்கிறோம்? கொடியில் சுமை அதிகமானால் சின்னக் கொத்து, கோணல் கொத்து எல்லாவற்றையும் நறுக்கிப் பந்தலுக்கு அடியிலேயே போட்டுவிடுகிறோம்.

ஈரானியர் இந்தக் காயைக் 'கூரே' என்பார்கள். அதன் சாறு 'ஆப் கூரே'. ஆப் என்றால் தண்ணீர். ஐந்து ஆறு பாயும் நாட்டுக்குப் பஞ்சாப் என்று பெயர் வந்ததும் இந்தச் சொல்லால்தான். வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் மூன்றையும் பொடிப்பொடியாக அரிந்து, உப்பும் காய்ந்த புதினாவும் தூவி, மேலே இந்தச் சாற்றை விட்டுக் கலந்து சாப்பிடுவது சிராஸ் நகரத்துப் பழக்கம். கத்தரிக்காயும் இறைச்சியும் சேர்ந்த குழம்பில் காயை முழுசாகவே போடுவார்கள். வெயிலில் உலர்த்திப் பொடித்தும் வைப்பார்கள், உப்புத் தண்ணீரில் ஊறவும் போடுவார்கள்.

இந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது? புளியம்பழத்துக்குப் புளிப்பு கொடுக்கும் டார்டாரிக் அமிலமேதான் திராட்சைக் காயிலும் இருக்கிறது. கூடவே ஆப்பிளில் இருக்கிற மாலிக் அமிலமும் உண்டு. காய் பச்சையாக, கல் மாதிரி இருக்கும்வரை இரண்டும் கூடிக்கொண்டே போகும். நிறம் திரும்பி, தொட்டால் மெத்தென்று ஆகும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். ஆகவே நிறம் திரும்புவதற்கு முன்னால் பறித்தால்தான் இந்தச் சாறு.

இதிலே நமக்கு ஒரு வசதி உண்டு. ஈரானில் குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. கோடைத் தொடக்கத்தில் சில வாரம்தான் காய் கிடைக்கும். அதனால்தான் பாட்டிலில் அடைத்து வைக்கிறார்கள். நம் பள்ளத்தாக்கில் ஆளுக்கு ஒரு மாதம் கவாத்து செய்வதால், எந்த மாதம் பார்த்தாலும் ஏதாவது ஒரு பந்தலில் பச்சைக் காய் இருக்கும்.

உடம்புக்கு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நாம் சூடு, குளிர்ச்சி பார்ப்பது போலவே அவர்களும் பார்க்கிறார்கள். கூரே குளிர்ச்சிச் சரக்கு. பித்தத்தைத் தணிக்கும், வெயில் தாகத்தை அடக்கும் என்பது அவர்கள் வைத்திய மரபு. குளிர்ச்சி மிஞ்சிவிடாமல் சூட்டுச் சரக்கான புதினாவைக் கூட்டிக்கொள்வார்கள். மதுரையில் குடிக்கிறோமே ஜிகர்தண்டா, அதில் வரும் 'ஜிகர்' பாரசீகச் சொல்தான். ஈரல் என்று பொருள். ஈரலைக் குளிர வைக்கும் பானம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம்.

ரத்தக் கொதிப்பு குறையும், கொழுப்பு கரையும் என்றும் அங்கே சொல்வார்கள். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம். உணவாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தாக வேண்டாம். வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. குடித்த பிறகு வாயைக் கொப்பளியுங்கள், பல் கூசாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காய்ப் பருவத்தில்தான் அடிச்சாம்பல் நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் நாம் மருந்து அடிக்கிறோம். டப்பாவில் 'அறுவடைக்கு இத்தனை நாள் முன்பு நிறுத்துக' என்று போட்டிருக்கும். பழ அறுவடையை மனதில் வைத்துத்தான் நாம் அந்த நாளைக் கணக்குப் பண்ணுகிறோம். காயாகவே பறித்தால் பறிக்கிற அன்றைக்கே அறுவடை அல்லவா? அன்றிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஊடுருவிப் பாயும் மருந்து காய்க்குள்ளேயே இருக்கும். எத்தனை தண்ணீரில் கழுவினாலும் போகாது. எனவே மருந்தடித்த பந்தலில் நறுக்கிய கொத்தை ஆசைப்பட்டு வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். வீட்டு வாசலில் மருந்து காணாத கொடி இருந்தால் அதில் பறியுங்கள். இல்லையென்றால், பக்கத்துச் சாரல் படாத ஒரு மூலையில் நாலு கொடியை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போர்டோ கலவை பட்ட கொத்தையும் இலையையும் செம்மறி ஆட்டுக்குப் போடாதீர்கள். மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மற்ற கால்நடைகளைவிடச் செம்மறிக்குச் சீக்கிரம் நஞ்சாகிவிடும்.

சாறு எடுப்பது பெரிய வித்தை இல்லை. காயைக் காம்பு நீக்கிக் கழுவி, ஈரம் போக நிழலில் பரப்புங்கள். மிக்சியில் போடாதீர்கள். பன்னீரில் விதை உண்டு. விதை உடைந்தால் சாறு கசந்துபோகும். உரலில் இட்டு மெதுவாக நசுக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரம் கூடாது. புளிப்பு அதை அரிக்கும். கண்ணாடியோ எவர்சில்வரோ நல்லது. ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிவை மட்டும் எடுங்கள். கொதி வருவதற்குச் சற்று முன்புவரை சூடாக்கி, நுரையை நீக்கி, கொஞ்சம் உப்புச் சேர்த்து, வெந்நீரில் போட்டெடுத்த பாட்டிலில் சூட்டோடு ஊற்றி மூடுங்கள். சூடு காட்டாமல் அடைத்தால் நொதித்துவிடும். திறந்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

நாள்பட்டால் பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி பளபளவென்று ஏதாவது படியலாம். பயப்படாதீர்கள். டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது. மேலாக இறுத்துக்கொண்டால் போதும்.

எலுமிச்சை விலை ஏறுகிற கோடையில் இரண்டு கரண்டி சாறு, சர்க்கரை, புதினா, பானைத் தண்ணீர் சேர்த்தால் நல்ல சர்பத். கத்தரிக்காய்க் குழம்பில் புளிக்குப் பதிலாக விடுவதானால் இறக்கும்போது விடுங்கள். முதல் தடவை அளவு தெரியாமல் புளிப்பு ஏறிவிடும். வீட்டம்மா கோபித்துக்கொண்டால் என்னைச் சொல்ல வேண்டாம்.

இதை விற்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். பன்னீர் விலை விழுகிற நேரத்தில் இது கைகொடுக்காது. அப்போது உங்கள் கையில் இருப்பது பழம், காய் இல்லை. ஒதுக்கிய கொடியில் கிடைப்பதும் சிறு அளவுதான். பெரிய ஓட்டல்காரர்கள் யாராவது கேட்டால் கொடுக்கலாம். அதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வாங்குகிறவரைப் பார்க்காமல் பாட்டில் வாங்கி அடுக்காதீர்கள். இந்தப் போகத்துக்கு வீட்டுக்கு நாலு பாட்டில் போட்டுப் பாருங்கள். கொடி ஒதுக்குவதிலும் மருந்து நாள் கணக்கிலும் சந்தேகம் இருந்தால், கவாத்து செய்வதற்கு முன்னாலேயே உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டுவிடுங்கள்.