கோடரியில் பெயர் பொறித்த ராணி!

சீனாவின் ஹெனான் மாகாணம், ஆன்யாங் நகரை ஒட்டிய சியாவோதுன் கிராமம். ஆண்டு 1976. நீளக் கழியில் அரைக்குழாய் போன்ற இரும்பு அலகு பூட்டிய லுவோயாங் மண்வாரியை ஆழ இறக்கித் தூக்குகிறார்கள் அகழாய்வாளர்கள். ஈரமண்ணோடு வருகிறது செவ்வரக்குத் துணுக்கு, கூடவே ஒரு பச்சைக்கல் பதக்கம்! ஜெங் ஜென்சியாங் என்ற பெண்மணி தலைமையிலான குழுவுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்!

குழியின் ஆழம் ஏழரை மீட்டர். அடிப்பகுதியில் நிலத்தடி நீர். இறைக்க இறைக்க ஊறும் அந்தச் சேற்றிலிருந்து 1,928 பொருட்கள் வெளிவந்தன. வெண்கலம் மட்டுமே சுமார் 1,600 கிலோ! மூவாயிரம் ஆண்டுகளாக எந்தத் திருடனும் கை வைக்காத ஷாங் வம்ச அரச கல்லறை. ஆனால் புதைக்கப்பட்டவரின் உடல் மக்கிப் போயிருந்தது. பின் யாருடைய கல்லறை? ஆயுதங்கள் 130. கொண்டை ஊசிகளோ ஏறக்குறைய 500!

இப்போது அங்கே கிடைத்த ஒரு போர்க்கோடரியைப் பாருங்கள். எடை 9 கிலோ. இரண்டு புலிகள் வாயைப் பிளந்து நிற்க, நடுவே ஒரு மனிதத் தலை. அதற்குக் கீழே பொறித்திருக்கிறது பெயர்: ஃபூ ஹாவ். அதே பெயர் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்கலப் பொருட்களில்!

அறிஞர்களுக்கு இது புதிய பெயரே அல்ல. ஷாங் மன்னர் வூ திங் காலத்தில் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் பொறித்த குறிகேட்புகளில் அடிக்கடி வரும் பெயர். அவள் 13,000 வீரர்களைத் திரட்டிய படையெடுப்பும் அங்கே இருக்கிறது, அவளுக்குப் பிள்ளைப்பேறு நலமாக அமையுமா என்று கேட்ட கேள்வியும் இருக்கிறது. அந்தக் கேள்விதான் எனக்கு மிகப் பிடித்தது. படைத்தலைவிக்காகக் கவலைப்பட்ட அரண்மனை!

ஒரே பெயரில் இன்னொருத்தி பிற்காலத்தில் வாழ்ந்திருக்கலாமே என்ற ஐயம் எழாமலில்லை. அதற்கும் கல்லறையிலேயே விடை இருந்தது. சில கலங்களில் 'தாய் சின்' என்ற, இறந்தபின் சூட்டும் வழிபாட்டுப் பெயர். வூ திங்கின் பட்டத்தரசிகளில் ஒருத்தி சின் என்பது குறியெலும்புகளில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பெயர், பட்டம், காலம் மூன்றும் பொருந்திவிட்டன!

கல்லறையில் கிடைத்த ஆந்தை வடிவ மதுக்கலங்கள் இரண்டில் ஒன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்திலும், மற்றொன்று ஜெங்ஜோவில் உள்ள ஹெனான் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் பார்க்காமல் திரும்பாதீர்கள்!