மனம் நோயுற்றவரின் உடலையும் கவனிப்போம்

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் மூத்த மகன் 20 ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து உட்கொண்டு வருகிறார். சென்ற ஆண்டு அவர் இரவில் பலமுறை எழுந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் சென்றார். பழைய நோய்தான் முற்றுகிறது என்று வீட்டார் எண்ணினர். குடத்தைக்கூட ஒளித்து வைத்தனராம்! தாயார் மட்டும் மனம் பொறாது இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார். சர்க்கரை அளவு 400-ஐத் தாண்டியிருந்தது.

அவ்வீட்டாரை நாம் குறைகூற எண்ணவில்லை. மனநோயாளி உடலைப் பற்றிச் சொல்வதையெல்லாம் மனத்தின் கோளாறாகவே கொள்ளும் வழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. மருத்துவர்களிலும் சிலரை அது விடவில்லை. மார்பு வலிக்கிறது என்பார். அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயரைக் கண்டதும், சோதித்துப் பாராமலே தேற்றி அனுப்பிவிடுவர்.

கடுமையான மனநோயுற்றோர் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தற்கொலையே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுவர். அதுவும் ஒரு காரணமே; ஆயினும் இதயநோய், நீரிழிவு, நுரையீரல் நோய் ஆகியவற்றால் இறப்பவரே மிகுதி. இவர்களுடைய உடல்நலத்தைப் பேணுவதற்கென்றே அந்நிறுவனம் 2018-இல் தனி வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது.

மருந்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஒலான்சபின், குளோசபின் போன்றவை பசியைத் தூண்டி எடையைக் கூட்டும். சர்க்கரையையும் கொழுப்பையும் உயர்த்தும். அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது, நோய் மீண்டும் மூண்டெழும். மருந்து தொடங்கும்போதும், 3 மாதம் கழித்தும், பின்பு ஆண்டுதோறும் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்து வைத்தால், கோளாறு தலைகாட்டும்போதே மருத்துவர் மருந்தை மாற்றவோ வேறு வழி காணவோ இயலும். குளோசபின் உட்கொள்பவருக்கு மலச்சிக்கல் ஏற்பட்டால் அதைச் சிறிதென எண்ணலாகாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

லித்தியம் உட்கொள்வோரைப் பற்றியும் ஒரு சொல். கோடையில் மிகுதியாக வியர்த்தாலும், வயிற்றுப்போக்கு கண்டாலும், தண்ணீரையும் உப்பையும் திடீரெனக் குறைத்தாலும் அம்மருந்து இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகும். கை நடுக்கம் கூடுவதும், வாந்தியும், தள்ளாட்டமும் அதன் அறிகுறிகள். தவக்காலத்தில் நோன்பிருக்க இவர் பிடிவாதம் செய்யலாம். நோயுற்றவரை நோன்புக் கடமை கட்டுப்படுத்தாது என்பதைப் பங்குக் குருவானவரே எடுத்துச் சொன்னால் மனம் அமைதியுறும்.

நாம் சொன்ன இல்லத்து மகன் இப்போது மாலைதோறும் தம் தந்தையோடு நடக்கச் செல்கிறார். சர்க்கரையில்லாக் காப்பியை முணுமுணுத்துக்கொண்டேனும் குடித்துவிடுகிறார். பீடியைத்தான் இன்னும் விட்டபாடில்லை. அவர் உட்கொள்ளும் ஒலான்சபினைப் புகை விரைவாகச் சிதைத்துவிடுமாம். ஆதலால் பீடியைத் திடீரென விட்டால் அதே அளவு மருந்து மிகையாகிவிடும். விடும் நாளை முன்னதாகவே தமக்குத் தெரிவிக்குமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். அந்த நாளைக் குறிப்பதற்கென்றே தாயார் நாட்காட்டியின் அருகில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.