பானை ஓட்டுக்கு விலாசம் தந்தவர்

பழைய சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்று அழைத்த எழும்பூர் அருங்காட்சியகம், 1851இல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கியபோது பெரும்பாலும் கல்லும் கனிமமுமாக இருந்தது. பானைகள் பிறகு வந்தன. எவை வரவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

நீலகிரி ஆணையர் ஜேம்ஸ் பிரீக்ஸ் மலைமேல் இருந்த ஈமக் கல்வட்டங்களைத் தோண்டினார். மூடியின்மேல் எருமை, குதிரை போன்ற சுடுமண் உருவங்கள் நிற்கும் விசித்திரமான கலங்கள் அங்கே கிடைத்தன. அவற்றுக்கு யாரும் இடம் கொடுப்பார்கள். உடைந்த ஓட்டை யார் மதிப்பார்?

ராபர்ட் புரூஸ் ஃபூட் மதித்தார். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தவர் என்றே அவரை நமக்குத் தெரியும். தென்னிந்தியா முழுக்க அவர் பொறுக்கிய பானை ஓடுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நிலவியல் துறைக்காரர் அல்லவா, எடுத்த இடம் தெரியாத கல் அவருக்கு வெறும் கல். அதே கண்டிப்பை ஓட்டிலும் காட்டினார்: ஊர், நிறம், மெருகு, விளிம்பு, அலங்காரக் கோடு. 1904இல் அவருடைய சேகரிப்பு எழும்பூருக்கு வந்தது. விரிவான பட்டியல் நூல்கள் அவர் இறந்த பிறகே அச்சாயின.

ஓட்டில் படிக்க என்ன இருக்கிறது? கறுப்பு-சிவப்புக் கலத்தைப் பாருங்கள். உள்ளேயும் வாய்ப்பகுதியிலும் கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டால் உட்புறத்துக்குக் காற்று போதாது. அங்கே கரி ஏறிக் கறுக்கும். காற்றுபடும் வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். குயவர் சூளையை எப்படி அடுக்கினார் என்பதைச் சொல்ல உள்ளங்கை அளவு ஓடு போதும்.

தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூர் இடுகாட்டின் கதை வேறு. 1876இல் அங்கே தோண்டிய ஜெர்மானியர் யாகோர், கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் தோண்டிய அலெக்சாண்டர் ரீயின் கண்டெடுப்புகள் எழும்பூர் வந்தன. 1915இல் பட்டியலாகவும் வெளிவந்தன. ஒரே இடுகாட்டின் பொருள்கள் இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடப்பதற்கு, யார் எப்போது மண்வெட்டியோடு வந்தார் என்பதைத் தவிரப் பெரிய காரணம் இல்லை.

இவர்களில் என் ஓட்டு ஃபூட்டுக்கே; எடுத்த இடம் தெரியாவிட்டால் ஓடும் வெறும் ஓடுதான் என்று அறிந்தவர் அவர். உங்கள் ஊர் மேட்டில் பழைய ஓடோ தாழியோ தட்டுப்பட்டால் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.