குத்துவிளக்கின் உள்ளே

ஒரு பொருள் எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது, அதன் உள்ளமைப்பு எப்படி இருக்கிறது, அதனால் அதற்கு என்ன குணம் வந்தது என்று ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்க்கும் படிப்பு பொருள் பொறியியல். உலோகம், பீங்கான், பிளாஸ்டிக் எல்லாம் இதில் அடக்கம். இந்தியாவில் இது பெரும்பாலும் உலோகவியலிலிருந்து கிளைத்தது. திருச்சி என்ஐடியிலும் சென்னை ஐஐடியிலும் துறையின் பெயரே ‘உலோகவியல் மற்றும் பொருள் பொறியியல்’ என்றுதான் இருக்கிறது. ப்ளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தவர்கள் சேரலாம், நான்கு ஆண்டுகள்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து போகும் மாணவருக்கு இந்தப் படிப்பின் பாதி உதாரணங்கள் ஊருக்கு அருகிலேயே கிடைக்கும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரையில் முறுக்கிப் பூட்டுகிறார்கள். அச்சு பிடிப்பது காவிரிக்கரை வண்டல் மண்ணில். வார்ப்பியல் வகுப்பில் அச்சு மண்ணுக்குச் சொல்லும் தேவைகள் இவை: துகள் நுண்மையாக இருந்தால்தான் அன்னத்தின் இறகுக் கோடு விழும், களி கலந்திருந்தால்தான் மண் பிடித்து நிற்கும், அதே சமயம் சூட்டில் கிளம்பும் ஆவியும் காற்றும் வெளியேற இடைவெளியும் வேண்டும். களி கூடிப்போனால் காற்று உள்ளேயே சிக்கி வார்ப்பில் குமிழ்க் குழி விழும். ஒன்றுக்கொன்று முரணான இந்தக் குணங்களை அந்த வண்டல் ஒருசேரத் தருகிறது. விளக்கு வார்க்கும் பத்தர்கள் இந்த மண்ணை விடாமல் பிடித்திருப்பதற்குப் பழக்கத்தைவிடப் பெரிய காரணம் இதுதான்.

அடுத்தது உலை. விளக்குக்கான பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் செம்பை முதலில் உருக்கி, துத்தநாகத்தைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். அப்போதும் கொஞ்சம் வெண்புகையாகப் போய்விடும். அந்த இழப்பைக் கணக்கில் வைத்தே எடை போட வேண்டும்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதே பித்தளையின் சிறு துண்டை உப்புத்தாளில் தேய்த்து, கண்ணாடிபோல மெருகேற்றி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் சில நொடி வைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வார்கள். மழமழவென்று இருந்த பரப்பில் வயல் வரப்புகள்போல எல்லைக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு பாத்தியும் ஒரு படிகத் துகள். துத்தநாகம் சுமார் 35 சதவீதம் வரை செம்பில் முழுதாகக் கரைந்திருக்கும். அது மிஞ்சினால் இரண்டாவது வகைப் படிகம் கருமையாகத் தலைகாட்டும், பித்தளையும் கடினமாகும். ஈயம் கலந்திருந்தால் அது கரையாமல் சிறு புள்ளிகளாக ஒதுங்கி நிற்கும். லேத்தில் கடையும்போது சீவல் நீளமாகச் சுருளாமல் பொடிப்பொடியாக உதிர்வது இந்தப் புள்ளிகளால்தான்.

பொருள் ஏன் தோற்கிறது என்பதுதான் இந்தப் படிப்பின் மிகச் சுவையான பகுதி. ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காலம் முழுவதும் இந்தியாவில் லாயங்களில் அடுக்கி வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள், எடுத்துப் பார்த்தபோது வெடித்துக் கிடந்தன. 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்று, கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த வேலை அது. சுமார் 250–300 டிகிரியில் சிறிது நேரம் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் வெடிப்பு வராது. அடித்தும் இழுத்தும் செய்த பித்தளைக்குத்தான் இந்த ஆபத்து. அச்சில் வார்த்த விளக்குக்கு அநேகமாக இல்லை.

படித்து முடித்தவர்கள் உருக்காலை, வாகனத் தொழில், விண்வெளி, அணுசக்தி என்று பல பக்கம் போகிறார்கள். திருச்சி பெல் நிறுவனம் செய்வதுபோன்ற அனல்மின் கொதிகலன்களில் 500 டிகிரியைத் தாண்டிய நீராவி ஓடும் குழாய்கள், உருகாமலே ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல விரியும். குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த எஃகு அதைத் தாமதப்படுத்தும். ஓடித் தேய்ந்த குழாய் இன்னும் தாங்குமா என்று அறிய அதை வெட்ட வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே ஒரு ரூபாய் நாணயமளவு இடத்தை மெருகேற்றி, அமிலம் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டை ஒட்டி உரித்து எடுப்பார்கள். ஏட்டில் படிந்த அச்சை நுண்ணோக்கியில் வைத்து, துகள் எல்லைகளில் நுண்குழிகள் தோன்றியிருக்கின்றனவா என்று தேடுவார்கள். குழிகள் கோத்துச் சங்கிலியாக நின்றால் குழாயை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது.