சாளை மீளும், சுறா ஏன் மீளாது?

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், நீரோடி முதல் இரயுமன்துறை வரை எட்டு மீனவ ஊர்கள். பொதுவாகத் தூத்தூர்க்காரர்கள் எனப்படும் இவர்கள் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். குஜராத் கடலுக்கும், தெற்கே தியாகோ கார்சியா பக்கமும் போய் வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போடுபவர்கள். இன்று இவர்களில் பலர் சூரைக்கும் மயில்மீனுக்கும் மாறிவிட்டார்கள். 1970க்கும் 2018க்கும் இடையே பெருங்கடல் சுறா, திருக்கைகள் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்கிறது 2021இல் 'நேச்சர்' இதழில் வந்த உலகளாவிய ஆய்வு.

பிறப்புக் கணக்கு

சாளை ஒரு வயதுவாக்கில் சினைப்பட்டுப் பல்லாயிரம் முட்டையிடும். ஓராண்டு பாடு பொய்த்தாலும் கடல் ஒத்துழைத்தால் சீக்கிரம் மீளும். கொம்பன் சுறாவோ பருவத்துக்கு வரவே பத்தாண்டு ஆகலாம். திரெஷர் சுறா ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு குட்டிதான் போடும். குளிரும் இருட்டுமான ஆழத்தில் வாழும் கல்பர் சுறாவுக்கும் ஒன்றிரண்டு குட்டிகளே. இதன் ஈரல் எண்ணெய்க்காக மாலத்தீவில் 1980களில் சூடுபிடித்த தொழில், இருபது ஆண்டுகளில் படுத்துவிட்டது. 2010இல் அந்நாடு சுறா பிடிப்பதையே தடைசெய்தது.

உடலும் இடமும்

வேளா மீனுக்கு அதன் வாள்மூக்கே எமன். எந்த வலையிலும் எளிதில் சிக்கிக்கொள்ளும். ஆழம் குறைந்த கரைக்கடலும் முகத்துவாரமும் அதன் இருப்பிடம் என்பதால் ஒதுங்கவும் வழியில்லை. புதுச்சேரியின் பெயர் தாங்கிய சுறா இனமோ முதலிலிருந்தே அரிது. உலக அருங்காட்சியகங்களில் இருப்பவை சுமார் 20 மாதிரிகளே.

ஏலக்கூடம் காட்டாதது

கரையில் மீன் குவிவதை வைத்துக் கடலில் மீன் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் குறைந்தால் படகு இன்னும் தூரம் போகும். ஏலத்துக்கு வரும் எடை மட்டும் குறையாது. சாளை அருகினால் டீசல் காசுகூடக் கிடைக்காமல் வள்ளம் கரையேறிவிடும், மீனுக்கு ஓய்வு கிடைக்கும். சுறாவுக்கு அந்த ஓய்வும் இல்லை. படகின் செலவைச் சூரை ஈடுகட்டுவதால் தூண்டில் தொடர்ந்து இறங்குகிறது, மிச்சமிருக்கும் சுறாவும் அதில் மாட்டுகிறது.

சட்டமும் தூண்டிலும்

2001 ஜூலையில் இந்தியா எல்லாச் சுறா, திருக்கைகளையும் பிடிக்கத் தடை விதித்தது. மீனவர்கள் எதிர்க்கவே, டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி நின்றது. 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தம் பட்டியலை மீண்டும் நீட்டியது. ஆனால் எந்த மீன் கடிக்கிறது என்பது தூண்டில் மேலே வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் பல சுறா செத்திருக்கும். முள்ளுக்கு மேல் உலோகக் கம்பிக்குப் பதில் தங்கூசி கட்டினால், சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும், சூரை நிற்கும். சில நாடுகள் கம்பிக்குத் தடையே விதித்துள்ளன. ஆனால் அறுபடும் ஒவ்வொரு முள்ளும் படகுக்காரருக்கு நட்டம். அந்த நட்டத்தில் அரசும் பங்கேற்காதவரை, பட்டியல் எவ்வளவு நீண்டாலும் சுறா மீளப்போவதில்லை.