அப்டேட் பொத்தானை அழுத்தும் முன்

அகத்தியர்கூடம் மலையில் ஏறப் போகிறவர்களுக்குப் போனக்காடுதான் கடைசி ஊர். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக சுமார் 60 கி.மீ. வரவேண்டும். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம், மூடிக் கிடக்கும் தொழிற்சாலை, தலைமுறைகளுக்கு முன் பிழைப்புத் தேடி வந்த தமிழ்த் தொழிலாளர்களின் லயங்கள் என்னும் வரிசை வீடுகள். இந்த ஊரில் ஒரு திருவிழாவுக்கு மைக் செட் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மேடையோரம் ஒரு ஸ்பீக்கர், 100 மீட்டர் தள்ளிப் பாதையோரம் இன்னொன்று. இரண்டாவது ஸ்பீக்கருக்கு அடியில் நிற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

காரணம் எளிது. கம்பியில் வரும் மின்சாரம் கண்ணிமைக்கும் முன் வந்துவிடுகிறது. காற்றில் வரும் ஒலியோ 100 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.3 வினாடி எடுத்துக்கொள்கிறது. ஒரே ஒலி மிகச் சிறிய இடைவெளியில் இரண்டு முறை வந்தால் நம் மூளை அதை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுவிடும். பேச்சைப் பொறுத்தவரை இடைவெளி சுமார் 30, 40 மில்லிவினாடியைத் தாண்டினால் எதிரொலியாகப் பிரிந்துவிடும். ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதை அளந்து காட்டினார். ஆகவே, இரண்டாவது ஸ்பீக்கரை வேண்டுமென்றே தாமதப்படுத்த வேண்டும். காற்றில் வரும் ஒலிக்காக அது காத்திருந்து, பிறகு பேச வேண்டும்.

எவ்வளவு தாமதம்? அதை வெயிலும் குளிரும் முடிவு செய்கின்றன. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 16 டிகிரிக் குளிரில் ஒலி வினாடிக்கு 341 மீட்டர் போகும். 30 டிகிரி வெப்பத்தில் 349 மீட்டரைத் தாண்டும். அதே 100 மீட்டருக்கு மலையின் குளிர்ந்த காலையில் 293 மில்லிவினாடி, நகரத்து மதியத்தில் 286 மில்லிவினாடி. மலை உயரமானது, காற்று மெலிந்தது என்பதால் வரும் வேறுபாடு அல்ல இது. அழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் அவற்றின் விளைவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகிறது. எஞ்சி நிற்பது வெப்பநிலை மட்டும்.

ஒரு பெரிய அரங்கில் இப்படிப்பட்ட எண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு தாமதம், ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு பெருக்கம், மைக் கூவும் அதிர்வெண்களை அமுக்க வடிகட்டிகள், எந்த மைக் எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்ற கட்டளைகள். இவை அனைத்தையும் ரேக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி கவனித்துக்கொள்கிறது. டி.எஸ்.பி. என்று ஒலித்துறையினர் சொல்லும் எண்முறைச் செயலி அது. ஒலியை அது பொதுவாக வினாடிக்கு 48,000 துண்டுகளாக எடுக்கிறது. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே காற்றில் ஒலி நகர்வது வெறும் 7 மில்லிமீட்டர். அந்த வேகத்தில் வந்துகொண்டே இருக்கும் துண்டுகளுக்கான கணக்கை எல்லாம் செயலி பின்தங்காமல் முடித்தாக வேண்டும். ஒருமுறை பின்தங்கினாலும் ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று கேட்டுவிடும்.

அந்தச் செயலிக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதுதான் ஒலியமைப்பு வடிவமைப்பு மென்பொருள். க்யூ-சிஸ் டிசைனர், பயாம்ப் நிறுவனத்தின் டெசிரா, ஹார்மனின் ஆடியோ ஆர்க்கிடெக்ட் எனப் பல உண்டு. மடிக்கணினித் திரையில் பொறியாளர் கட்டங்களை வைத்துக் கோடுகளால் இணைக்கிறார். மைக், வடிகட்டி, தாமதம், ஆம்ப் (ஒலிபெருக்கி மின்சுற்று) என்று இடமிருந்து வலமாக ஒரு படம் வளர்கிறது. படத்தை முடித்துப் பெட்டிக்கு அனுப்பியதும் அது செயலிக்குப் புரியும் கட்டளைத் தொடராக மாறிவிடுகிறது. அதன்பின் மடிக்கணினியை மூடி எடுத்துப் போய்விடலாம். பெட்டி தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கும்.

இந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கைப்பேசியில் ஓர் ஆப்பைப் புதுப்பித்தால் மாறுவது ஒரே ஒரு பொருள். இங்கே மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்: மடிக்கணினியில் உள்ள மென்பொருள், பெட்டிக்குள் நிலையாகப் பதிந்துள்ள ஃபர்ம்வேர், இரண்டுக்கும் பொதுவான வடிவமைப்புக் கோப்பு. க்யூ-சிஸ் போன்றவற்றில் மென்பொருளின் பதிப்பும் ஃபர்ம்வேரின் பதிப்பும் ஒன்றாக இருந்தால்தான் படத்தைப் பெட்டிக்கு அனுப்ப முடியும். புதிய பதிப்பில் திறந்து சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. சும்மா பார்த்துவிட்டு மூடுவதாக நினைத்து ‘சேமி’ என்று ஒரு தட்டு தட்டினால் போதும், பழைய உலகத்துக்குப் போகும் பாலம் உடைந்துவிடும். அந்தக் கோப்புக்கு வேறு நகல் இல்லையென்றால், அரங்கத்தின் பல மாத உழைப்பு புதிய பதிப்பின் கையில் சிக்கிக்கொள்ளும்.

அதனால் இந்தத் தொழிலில் பாதுகாப்பு என்பதற்கு ஒரே பொருள்தான்: திரும்பி வர வழி இருக்க வேண்டும். போனக்காட்டிலிருந்து மலையேறுகிறவர்கள் முதல் நாள் அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சியைத் தொட்டுவிட்டு, மீண்டும் அதே முகாமுக்கு இறங்கி வருவார்கள். மழையோ மூடுபனியோ வந்தால் உச்சியை விட்டுவிடலாம். முகாமை விட முடியாது. புதுப்பித்தலிலும் ஒவ்வொரு படியிலும் அப்படி ஒரு முகாம் இருக்க வேண்டும்.

நம்பிய மென்பொருளே புதிய சூழலில் கைவிடலாம் என்பதைப் பெரும் விலை கொடுத்து உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ராக்கெட். நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் இருக்கிறது இஸ்ரோவின் திரவ உந்து அமைப்புகள் மையம். அந்த மையத்தின் விகாஸ் ராக்கெட் எஞ்சினுக்கு மூலம் பிரான்சின் வைக்கிங் எஞ்சின். ஐரோப்பாவின் ஏரியான் 4 ராக்கெட்டைத் தூக்கிச் சென்றதும் அதே வைக்கிங்தான். ஏரியான் 4 நம்பகமானது என்று பெயரெடுத்தது. ஆகவே அடுத்து வந்த ஏரியான் 5-க்கும் அதன் திசையறியும் மென்பொருளின் ஒரு பகுதியை அப்படியே எடுத்து வைத்தார்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 முதன்முறையாகக் கிளம்பியது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட மிக அதிகம். அதைக் குறிக்கும் எண், 16 பிட் இடத்தில் அடங்கக்கூடிய 32,767 என்ற எல்லையைத் தாண்டியது. கணிப்பொறி பிழை சொல்லி நின்றுபோனது. கிளம்பிய சுமார் 40 வினாடிகளில் ராக்கெட் வெடித்துச் சிதறியது.

அந்த விபத்தில் ஒலிப் பொறியாளர் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று இருக்கிறது. முதன்மைக் கணிப்பொறி நின்றால் வேலையை எடுத்துக்கொள்ள மாற்றுக் கணிப்பொறியும் ராக்கெட்டில் இருந்தது. அதிலும் அதே மென்பொருள். அதே காரணத்தால் அதுவும் நின்றுபோனது. பெரிய அரங்குகளிலும் சட்டமன்றக் கூடங்களிலும் டி.எஸ்.பி. பெட்டியை இரண்டாக வைப்பது வழக்கம். ஒன்று பழுதானால் மற்றொன்று தாங்கும். ஆனால் இரண்டையும் ஒரே இரவில் ஒரே புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டால், மின்சுற்றுப் பழுதுக்குத்தான் அது காப்பு. மென்பொருள் பிழைக்குக் காப்பே இல்லை. அந்த இரவுக்கான உண்மையான மாற்று, பழைய பதிப்போடு அலமாரியில் தனியே வைத்திருக்கும் பெட்டிதான்.

அண்மைக் கதையும் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அனுப்பிய கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது; கணினியில் ஏற்கெனவே இருந்த நிரல் அதற்குக் கொடுத்தது 20. அந்த ஒன்று குறைந்ததே காரணம். கோப்பை ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் விழுந்த கணினிகளில் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் முதலில் சிலவற்றுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் இழப்பு சிறிதாகவே முடிந்திருக்கும்.

இனி ஒலி அரங்கத்துக்கு வருவோம். அனுபவமுள்ள பொறியாளர் முதலில் செய்வது, பெட்டிக்குள் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வடிவமைப்பை வெளியே எடுத்துப் பாதுகாப்பது. மடிக்கணினியில் இருக்கும் கோப்பை நம்பக் கூடாது. போன திருவிழாவின்போது யாரோ ஒருவர் இரண்டு டெசிபெல் குறைத்திருப்பார். அது பெட்டியில் இருக்கும், மடிக்கணினியில் இருக்காது. எடுத்த கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதி இரண்டு இடங்களில் வைப்பார். பழைய மென்பொருளின் நிறுவல் கோப்பையும் பழைய ஃபர்ம்வேரையும் அதோடு சேர்த்துவிடுவார். நாளைக்கே நிறுவனத்தின் தளத்தில் அவை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அடுத்தது வாசிப்பு. புதிய பதிப்போடு வரும் குறிப்பில், பழைய பெட்டிகளில் எவற்றுக்கு ஆதரவு நின்றுவிட்டது, இடையில் வேறொரு பதிப்பைத் தொட்டுத்தான் வர வேண்டுமா என்றெல்லாம் எழுதியிருக்கும். பிறகு புதிய மென்பொருளில் கோப்பின் நகலைத் திறந்து, பெட்டியோடு இணைக்காமல் மடிக்கணினியிலேயே ஒத்திகை பார்ப்பார். சிவப்பாக மாறிய கட்டம், காணாமல் போன கோடு, ஓட மறுக்கும் சிறு நிரல் ஆகியவை இங்கேயே தெரிந்துவிடும்.

ஃபர்ம்வேரை எழுதும் சில நிமிடங்கள்தான் மிக நுட்பமானவை. ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய எழுத்தின் மேலேயே புதிதை எழுத முடியாது. ஒரு தொகுதி முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அழித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே மின்சாரம் போனால் பெட்டிக்குத் தன்னை எழுப்பிக்கொள்ளவே தெரியாமல் போகலாம். இதனால்தான் பல தயாரிப்பாளர்கள் நினைவகத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்து, பழையதைத் தொடாமல் இன்னொன்றில் புதியதை எழுதி, சரிபார்த்த பின்பே மாறிக்கொள்ளும்படி செய்கிறார்கள். எல்லாப் பெட்டிகளிலும் அந்த வசதி இல்லை. ஆகவே யு.பி.எஸ். கட்டாயம். வைஃபை வேண்டாம், கேபிள் போட வேண்டும். மடிக்கணினி தூங்கிப் போகாதபடி அமைத்துவிட வேண்டும். மழைக்காலத்து மலையூர்களில் மின்சாரம் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது; அங்கே இது இன்னும் கட்டாயம்.

முதல் முறை உயிர்ப்பிக்கும்போது ஆம்ப்களை அணைத்து வைக்க வேண்டும். ஏதோ ஓர் ஒலியளவு தன் பழைய எண்ணை மறந்து தொடக்க நிலைக்குப் போயிருக்கலாம். 10 டெசிபெல் கூடினால் ஸ்பீக்கருக்குப் போகும் மின்திறன் 10 மடங்கு ஆகும். ஸ்பீக்கரின் சுருள் கருகவும், முன்வரிசையில் நிற்பவரின் காது பாதிக்கப்படவும் அது போதும்.

எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று எப்படி அறிவது? காதால் கேட்டால் மட்டும் போதாது. புதிய பதிப்பு கணக்கிடும் வரிசையை மாற்றி, ஒரு பாதையில் 1 மில்லிவினாடி தாமதம் கூட்டியிருக்கலாம். ஒரே ஒலி 1 மில்லிவினாடி வித்தியாசத்தில் இரண்டு பாதைகளில் வந்து சேர்ந்தால், 500 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழிந்துபோகும். 1500, 2500 ஹெர்ட்ஸிலும் அப்படியே. நாகசுரம் மூக்கடைத்தது போல ஒலிக்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான சோதனை உண்டு. புதுப்பிப்பதற்கு முன் ஓர் ஒலித்துண்டைப் பெட்டி வழியே அனுப்பி, வெளிவருவதைப் பதிவு செய்ய வேண்டும். புதுப்பித்த பின் அதே துண்டை அதேபோல் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவதைத் தலைகீழாகப் புரட்டி, நேரம் பிசகாமல் முதலாவதோடு கூட்டினால், இரண்டும் ஒன்றே என்றால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏதாவது கேட்டால், கேட்பதுதான் வித்தியாசம். பழையதில் எது மாறியது என்பதை அந்த மிச்ச ஒலியே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா? வெளி இணையத்தோடு தொடர்பே இல்லாத சிறு தேவாலயத்தில் நன்றாக ஓடும் பெட்டியை அவசரப்பட்டுத் தொட வேண்டியதில்லை. ஆனால் அலுவலக வலையமைப்போடு இணைந்த அமைப்பைப் பல ஆண்டுகள் தொடாமல் விட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் திறந்தே கிடக்கும். இந்த மென்பொருள்களில் பலவும் விண்டோஸில் ஓடுபவை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது. கச்சேரிக்கு முந்தின நாளாக இல்லாமல், அடுத்த சில நாள் அரங்கம் காலியாக இருக்கும் வேளையாகப் பார்த்துச் செய்ய வேண்டும்.

இந்தப் பொறுப்பு பொறியாளரோடு முடிந்துவிடுவதில்லை. சபாக்களும் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிகளும் லட்சக்கணக்கில் செலவு செய்து ஒலியமைப்பு வாங்குகின்றன. பணம் கொடுத்தவர்களிடம் பெட்டியும் ரசீதும் இருக்கும். வடிவமைப்புக் கோப்பின் நகல் பெரும்பாலும் அதை அமைத்துக் கொடுத்தவரின் மடிக்கணினியில் மட்டுமே இருக்கும். அவர் தொழிலை விட்டாலோ மடிக்கணினி பழுதானாலோ, பெட்டியிலிருந்தும் அதை எடுக்க முடியாமல் போனால், அந்த அரங்கின் ஒலியமைப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அமைப்பை ஒப்படைக்கும் நாளிலேயே கோப்பு, கடவுச்சொல், அப்போதைய பதிப்பின் நிறுவல் கோப்பு மூன்றையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். ஒரு பென் டிரைவில் போட்டு அலுவலக பீரோவில் பூட்டுங்கள். பதிப்பு எண், தேதி, செய்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரேக்கின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த முறை யார் வந்து அந்தப் பொத்தானை அழுத்தினாலும், அவர் திரும்பி வருவதற்கான வழி உங்கள் கையில் இருக்கும்.